முழுக்கு எடுக்காமல் போனவர்

கேள்வி: என் மாமி சைவம். பெரியாஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் ஆண்டவரை நம்பி ஜெபித்தா. வருசக்கணக்காகப் பேசாதிருந்த தங்கையைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டா. ஞானஸ்நானம் எடுக்க முன்னமே காலமாகிவிட்டா. முழுக்கு எடுக்காதவருக்கு இரட்சிப்பு இல்லை என்கிறார் வீட்டுக்கு வரும் பாஸ்டர். குழந்தையில் நான் பெற்ற தெளிப்பு ஞானஸ்நானமும் செல்லாதாம். உண்மையா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: மாமியை நினைத்துக் கலங்க வேண்டாம், சகோதரி.

பாஸ்டர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு மனந்திரும்புதலையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே சொன்னார் (அப். 2:38). ஆனால் மாற்கு 16:16ஐக் கடைசிவரை வாசியுங்கள். முதற்பாதியில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஆக்கினைத் தீர்ப்பைச் சொல்லும் பிற்பாதியில் விசுவாசியாதவன் மட்டுமே வருகிறான். கொர்நேலியு வீட்டில் தண்ணீருக்கு முன்னமே ஆவியானவர் இறங்கிவிட்டார். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு முழுக ஏது நேரம்? 392இல் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலந்தீனியன் ஞானஸ்நானம் பெறாமலே இறந்தபோது, அவன் அதை விரும்பிக் கேட்டதே போதும் என்று அவனுடைய சகோதரிகளைத் தேற்றினார் ஆயர் அம்புரோஸ். கத்தோலிக்கர் இதை ஆசை ஞானஸ்நானம் என்பார்கள்.

யாழ்ப்பாணத்து வியாதி உண்மையில் மறுபக்கம்: மனம் மாறாமலே எடுத்த ஞானஸ்நானம். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்த பின், ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை, கலியாணப் பதிவும் இல்லை, பதிவில்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையும் இல்லை. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடத் தோம்பில், அதாவது பதிவேட்டில், பெயர்கள் ஏறின. தோம்பில் பெயர், வீட்டில் விபூதி. (அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளைகளின் உரிமை யாருக்குத்தான் வேண்டாம்?) 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் அந்தச் சபை கரைந்துபோனது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் நேரெதிர். உள்ளம் மாறியதற்கு அடையாளம் கேட்டு, காத்திருக்க வைத்துத்தான் சபையில் சேர்த்தார்கள். அது அவர்கள் ஊர் வழக்கமும்தான். அவர்கள் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் வேதம் படித்த எத்தனையோ பேர் கடைசிவரை சேரவேயில்லை.

ஆகவே மனந்திரும்புதல் கட்டாயமா என்றால், ஆம். அது இல்லாத தண்ணீரால் பயனில்லை. ஞானஸ்நானம் பெற்ற மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு கண்டித்ததே சாட்சி. உங்கள் மாமியிடம் அது இருந்ததற்குத் தங்கையே சாட்சி. ஆனால் வாய்ப்பிருந்தும், மனம் மாறினால் போதாதா என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தப் பதிலைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆவியைப் பெற்ற கொர்நேலியுவும் பிறகு ஞானஸ்நானம் பெற்றார்.

உங்களுடைய ஞானஸ்நானம் செல்லும். விசுவாசித்த பின் எடுக்கும் முழுக்கே ஞானஸ்நானம் என்பது பெந்தெகொஸ்தே, பாப்திஸ்து சபையாரின் கொள்கை; அதனால் மறுபடி கேட்கிறார்கள். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்தியத் திருச்சபையார் எவரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். தெளித்தாலும் முழுக்கினாலும் தண்ணீரும் திரியேகரின் நாமமும் இருந்தால் போதும்.

இன்னொன்று: சாகும் தறுவாயில் குருவானவர் இல்லாவிட்டால், பக்கத்தில் நிற்கும் நர்ஸே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் அனுமதிக்கிறார்கள். இனி யாராவது படுக்கையில் கேட்டால், பாஸ்டரைத் தேடி ஓடாமல் ஒரு கோப்பை தண்ணீரை எடுங்கள்.