கஞ்சிக்கு முன் ஒரு ஜெபம்

நைரோபியின் குடிசைப்பகுதிப் பள்ளிகளில் காலை பத்து மணி வாக்கில் உஜி வரும். சோளமாவைக் கரைத்துக் காய்ச்சி, கொஞ்சம் சர்க்கரை போட்ட கஞ்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையோடு வரிசையில் நிற்பார்கள். மதியம் கிதெரி, சோளத்தையும் பயறையும் ஒன்றாக வேகவைத்தது. தின்றது போக ஒரு கை அள்ளி டப்பாவில் போட்டு மூடி, வீட்டிலிருக்கும் தம்பிக்கு எடுத்துப் போகிற பிள்ளைகளும் உண்டு. வகுப்பறை தகரக் கொட்டகை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்து இரண்டு வகுப்பாக்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தடுப்பை நகர்த்தினால் அதுவே தேவாலயம். கிறிஸ்தவ மிஷன் நடத்தும் பள்ளியானால், கஞ்சி ஊற்றுவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் சொல்வது வழக்கம். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையும் கண்ணை மூடும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் மூடும்.

அந்த ஜெபம் முறையா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வந்து விழும். சோறு போடுகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்பது ஒன்று. எல்லாமே ஆள் பிடிக்கும் வேலை, வயிற்றைக் காட்டி மதத்தை விற்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் நிற்காதவர்கள். வரிசையில் நிற்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது: கண்ணை மூடாவிட்டால் குவளை நிரம்புமா, நிரம்பாதா?

அதற்குப் போகுமுன், மிஷன்காரர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். நைரோபியின் குடிசைப்பகுதியான கிபேரா, பிரிட்டிஷ் படையில் இருந்த நூபியச் சிப்பாய்களைக் குடியமர்த்திய இடம். அவர்கள் முஸ்லிம்கள். நிலத்துக்கு முறையான பட்டா நெடுங்காலம் கொடுக்கப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும், பல இனத்து ஏழைகள் வந்து குவிந்த பிறகும் அரசின் கண்ணுக்கு அது சட்டத்துக்குப் புறம்பான குடியிருப்பாகவே இருந்தது. அங்கீகரிக்காத இடத்தில் பள்ளி கட்ட மாட்டார்கள். கிபேராவின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அதன் ஓரங்களில்தான் இருக்கின்றன. 2003 ஜனவரியில் அதிபர் கிபாகியின் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். ஓரத்துப் பள்ளிகள் பிதுங்கி வழிந்தன. சீருடை, தேர்வுக் கட்டணம் என்று இலவசத்துக்கும் ஒரு விலை இருந்தது. நைரோபிக் குடிசைப்பகுதிப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் திருச்சபைகளும் தனி ஆட்களும் நடத்தும் மலிவான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

2010-ஆம் ஆண்டு கென்ய அரசியல் சாசனத்தின் 53-ஆம் பிரிவு ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, சத்துணவு, உறைவிடம், மருத்துவம் எல்லாம் உரிமை என்கிறது. ஆகவே பழி சுமத்த ஆள் தேடுகிறவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு பாதிரியார் வீட்டுக் கதவு அல்ல. அரசு விட்டுவைத்த காலியிடத்தில்தான் மிஷன் கொட்டகை போட்டது.

கொட்டகை போட்டவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். நைரோபியின் இன்னொரு குடிசைப்பகுதியான முகுருவில் அயர்லாந்தைச் சேர்ந்த மெர்சி சபைச் சகோதரி மேரி கில்லீன் 1985-இல் தொடங்கிய வேலை சுமார் நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. திட்டக்காலம் முடிந்ததும் வண்டியேறும் நிபுணர்களை ஆப்பிரிக்கக் குடிசைப்பகுதிகள் நிறையப் பார்த்திருக்கின்றன. சாக்கடை ஓரத்தில் ஓர் ஆயுளைக் கழிக்க வைப்பது எது என்று கேட்டால், விசுவாசம் என்றுதான் அந்தச் சகோதரிகள் சொல்வார்கள். அதை நம்பாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. உதவி செய்யலாம், மதத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று அவர்களிடம் சொல்வது, பாதி ஆளை மட்டும் வேலைக்கு எடுப்பது மாதிரி. இந்தக் கட்டுரை அதைக் கேட்கவில்லை. கொடுக்கிறவரின் நெஞ்சில் மதம் இருக்கலாம். வாங்குகிறவருக்குப் போடும் நிபந்தனையில் அது இருக்கலாமா என்பதே கேள்வி.

நிபந்தனை எவ்வளவு சிறியதாக இருந்தால் குற்றமில்லை? இதற்கு மேற்குக் கென்யாவின் புசியா மாவட்டத்திலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. 1998 முதல் 75 தொடக்கப்பள்ளிகளில் படிப்படியாகக் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தது பெயரிலேயே 'கிறிஸ்தவ' என்று வைத்திருந்த ஒரு டச்சு அமைப்பு, மாவட்டச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து. பொருளியலாளர்கள் எட்வர்ட் மிகலும் மைக்கேல் கிரெமரும் அதன் விளைவை அளந்தார்கள். மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் நிற்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரை விழுங்காத பிள்ளைகளுக்கும், பக்கத்துப் பள்ளிகளுக்கும்கூட நன்மை கிடைத்தது என்றார்கள். மண்ணில் புழு முட்டை குறைந்தால் எல்லோர் காலுக்கும் அது குறைவுதானே. பிற்பாடு அந்தக் கணக்குகளைப் பற்றி அறிஞர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது, அது வேறு கதை. இங்கே தேவையானது அடுத்து நடந்தது. திட்டம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று 2001-இல் சில பள்ளிகளில் பெற்றோரிடம் மிகச் சிறிய கட்டணம் வாங்கிப் பார்த்தார்கள். இலவசமாக இருந்தபோது முக்கால்வாசிப் பிள்ளைகள் சாப்பிட்ட மாத்திரையை, காசு கேட்டதும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே சாப்பிட்டார்கள்.

இல்லாதவர்களிடம் சிறு கட்டணம் என்று ஒன்று கிடையாது. ஜெபத்துக்கும் இது பொருந்தும். காசு கேட்டால் பெற்றோர் விலகிப் போகலாம், விலகியவர்களை எண்ணலாம். கண்ணை மூடச் சொன்னால் பசித்த பிள்ளை விலகாது. யாரும் விலகாததால் அது விலையாகவே கணக்கில் வராமல் போகிறது. எல்லோரும் விரும்பித்தானே ஜெபிக்கிறார்கள் என்று பள்ளி சொல்லும், நல்லெண்ணத்தோடேயே சொல்லும்.

பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். தன் மகளை மிஷன் பள்ளிக்கு அனுப்பும் முஸ்லிம் தாய்க்கு அங்கே பைபிள் பாடம் நடக்கும் என்று தெரியும். பாடமும் சாப்பாடும் ஒரு தட்டில், ஜெபம் மறு தட்டில் என்று நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறாள். அவள் தீர்மானத்தை மதிக்க வேண்டும். ஆனால் மதிக்கிறோம் என்ற பெயரில் அதை மிஷனுக்குச் சாதகமான சாட்சியாக்குவது நியாயமில்லை. நடக்கும் தூரத்தில் இன்னொரு பள்ளி, அதிலும் ஒரு வேளைக் கஞ்சி என்று இருந்து, அதன் பிறகும் அவள் இதையே தேர்ந்தெடுத்தால் அது சம்மதம்.

கென்யாவுக்கு இது புதுக் கேள்வியுமல்ல. 1929-இல் கிகுயு மக்களிடையே வேலை செய்த ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷன், பெண்ணுறுப்புச் சிதைப்புச் சடங்கை எதிர்த்தது. எதிர்த்தது சரி, அந்தச் சடங்கால் பெண்கள் பட்ட பாட்டை மிஷன் மருத்துவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஆனால் சடங்கைத் துறப்பதாக வாக்குறுதி கொடுத்தால்தான் சபையில் இடம், பள்ளியில் வேலை என்று நிபந்தனை போட்டார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் தாங்களே பணம் திரட்டித் தனிப் பள்ளிகள் கட்டினார்கள். கிகுயு சுதந்திரப் பள்ளிகள் பெருகியது இப்படித்தான். 1952-இல் அவசரநிலை வந்தபோது ஆங்கில அரசு அவற்றை இழுத்து மூடியது. அந்தச் சடங்கைத் தடை செய்யும் முழுமையான சட்டத்தைக் கென்ய நாடாளுமன்றமே 2011-இல் நிறைவேற்றியது. மிஷன் சொன்ன விஷயம் சரியாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பிணையாக வைத்துச் சொன்னதால், பெண்களின் உடம்பைப் பற்றிய ஒரு நியாயம் வெள்ளைக்காரன் அதிகாரத்தைப் பற்றிய சண்டையாகிவிட்டது. சரியான கருத்துக்கே இந்தக் கதி என்றால், ஒருவரின் கடவுளை மாற்றுவதற்கு அதே கருவியை எடுப்பதைப் பற்றி என்ன சொல்வது?

திருச்சபைகளே இதை உணர்ந்திருக்கின்றன. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கான், உலக சுவிசேஷ ஐக்கியம் மூன்றும் 2011-இல் கூட்டாக வெளியிட்ட நடத்தைப் பரிந்துரைகளில், வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வதற்குக் கிறிஸ்தவப் பணியில் இடமில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். இந்த மூவரும் ஒரு காகிதத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுவது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. காகிதத்தில் குறையில்லை. அந்தக் காகிதம் தகரக் கொட்டகை வரை வந்ததா என்பதற்கு அடையாளங்கள் வேறு. ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் பட்டியலும் திங்கட்கிழமை சாப்பாட்டுப் பட்டியலும் ஒரே நோட்டில் இருக்கிறதா? கட்டணச் சலுகைக்குப் பாதிரியாரின் சிபாரிசுக் கடிதம் வேண்டுமா? ஜெப நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஆசிரியை எப்படிப் பார்க்கிறார்? பெரிய கோட்பாடுகளைவிட அந்த நோட்டுப் புத்தகமே விஷயத்தைச் சொல்லிவிடும்.

மதச்சார்பற்ற உதவி அமைப்புகள் இந்த இடத்தில் தலையை நிமிர்த்திக்கொள்ளத் தேவையில்லை. அவற்றுக்கும் நிபந்தனைகள் உண்டு: சுவரில் சின்னம், விருந்தாளி வந்தால் பாட்டு, அறிக்கைக்குச் சிரித்த முகம். மிஷன்காரர் தன் நோக்கத்தை வாய்விட்டுச் சொல்கிறார் என்பது அவர் கணக்கில் வரவு.

நிபந்தனை ஒரு பக்கம் இருக்க, உடல்நலத்தில் நல்லெண்ணம் செய்யும் கேடு இன்னும் வேகமானது. உகாண்டாவின் ஜிஞ்சா நகரில், கடவுள் அழைத்தார் என்று வந்த ஓர் அமெரிக்க இளம்பெண், மருத்துவப் பயிற்சி இல்லாமலே சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்கான மையம் நடத்தினார். சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தன. அவரே சிகிச்சை செய்தார் என்று 2019-இல் தாய்மார் வழக்குத் தொடுத்தார்கள், அவர் மறுத்தார், வழக்கு சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பு வரவில்லை. ஆனால் தன் ஊரில் ஓர் ஊசி போட அனுமதியில்லாதவர் ஆப்பிரிக்காவில் குழந்தைகள் மையத்தை நடத்த முடிகிறது என்பதற்குத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. விசுவாசம் ஒருவரை அங்கே தங்க வைக்கும். குழந்தைக்கு எவ்வளவு உப்பு நீர் ஏற்றலாம் என்று அது சொல்லித் தராது.

பணம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை, ஒரு புரவலர், மாதாமாதம் ஒரு தொகை என்ற ஏற்பாடு கிறிஸ்தவ அமைப்புகள் வளர்த்தெடுத்தது. அதில் பலன் உண்டு. உள்ளூர்த் திருச்சபைகள் வழியாக மட்டுமே வேலை செய்யும் கம்பாஷன் அமைப்பின் பிள்ளைகளைக் கென்யா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, அவர்கள் மற்றவர்களைவிட ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்தார்கள் என்று கண்டது. ஏழை வீட்டில் ஓராண்டுப் படிப்பு சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த ஏற்பாடு புகைப்படத்தில் ஓடுகிறது. பிள்ளையின் முகம், பெயர், அப்பா இல்லாத கதை எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்படுகின்றன. ஏழு வயதுப் பிள்ளை நன்றிக் கடிதம் எழுதக் கற்கிறது. தர்மம் செய்வதைப் பிறர் பார்க்கச் செய்யாதே என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னார்; அவர் பெயரால் நடக்கும் காரியத்துக்கு இது பொருந்தவில்லை என்பதைச் சொல்லக் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை.

நிதிக்காகத் துன்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் உண்டு. கிபேராவையே எடுத்துக்கொள்ளலாம். பத்து லட்சம் பேர், ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குடிசைப்பகுதி என்று நிதி கேட்கும் துண்டறிக்கைகள் பல காலம் சொல்லிவந்தன. 2009 மக்கள்தொகைக் கணக்கு எண்ணியது சுமார் 1,70,000 பேரை. அத்தனை பேரின் துன்பம் போதவில்லை போலும்.

புரவலர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். வெளிநாட்டு நிதிக்கு இந்திய அரசு போட்ட கட்டுப்பாட்டால் 2017 மார்ச்சில் கம்பாஷன் இந்தியாவை விட்டுப் போனது. ஒன்றரை லட்சத்தை நெருங்கும் பிள்ளைகளின் உதவி நின்றது. மதமாற்றக் குற்றச்சாட்டு, அமைப்பின் மறுப்பு, வாஷிங்டனின் தலையீடு என்று பெரியவர்கள் விவாதித்தார்கள். உதவி நின்ற பிள்ளைக்கு இரண்டு தரப்புமே பதில் சொல்லவில்லை.

விட்டுப் போகும் நாளை முன்பே யோசித்துச் செய்கிற மிஷன்களும் உண்டு. கிபேராவில் இயேசு சபையினர் நடத்தும் புனித அலோசியஸ் கொன்சாகா மேல்நிலைப்பள்ளி, எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென்று தொடங்கப்பட்டது. படித்து முடித்தவர்கள் சில மாதங்கள் சமூகப் பணி செய்துவிட்டுத்தான் மேற்படிப்புக்குப் போகிறார்கள். வாங்கியவரே கொடுப்பவராகும் இந்த ஏற்பாடு, நூறு நன்றிக் கடிதங்களைவிடப் பிள்ளையை நிமிர வைக்கும். பெற்றோரின் நோய் பிள்ளையின் சேர்க்கைச் சீட்டாவது நெருடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

2023-இல் நைரோபி மாவட்ட அரசு பெரிய சமையல்கூடங்கள் கட்டி, ஐந்து ஷில்லிங்குக்கு மதியச் சாப்பாடு தரத் தொடங்கியது. பிள்ளை கைப்பட்டையைக் கருவியில் தொட்டால் தட்டு வரும். எந்தச் சாமியையும் கும்பிட வேண்டாம். திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. தகரக் கொட்டகைப் பள்ளிகளில் படிக்கும் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அந்தச் சாப்பாட்டு வண்டியைத் தன் கொட்டகை வாசலுக்கும் வரச் சொல்லி மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுப்பது மிஷன் செய்யக்கூடிய வேலைதான். அது நடந்தால் தன் குவளையும், குவளைக்கு முன்னுள்ள ஜெபமும் தேவையற்றுப் போகலாம். மனுவைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் புரவலர்கள் பணம் தருவார்களா என்பதும் சந்தேகம்.