காறிய எண்ணெயும் கர்ப்பக்கிருக விளக்கும்

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மதீர்த்தக் குளத்திற்கு அதிக தூரமில்லாத ஒரு தெருவில் வசிக்கும் என் தமக்கையார், சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்து சமையலறைச் சன்னலோரம் மாதக்கணக்காக வெயில்பட வைத்திருந்த சூரியகாந்தி எண்ணெய்க் குப்பியை ஒருநாள் திறந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏண்டா, காறிப்போச்சே, நாக்குக்கு ஆகாதது விளக்குக்காவது ஆகுமோ?" என்று கேட்டார். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. ஆராதனைப் பொருளின் சுத்தி பொருளில் இருக்கிறதா, கொடுப்பவன் கையில் இருக்கிறதா என்ற பழைய விசாரம் அக்கேள்விக்குள் ஒளிந்திருந்ததைப் பிறகே உணர்ந்தேன்.

சூரியனையே நோக்கி நிற்பதாகப் பெயர்பெற்ற மலரின் வித்திலிருந்து பிழிந்த எண்ணெய், அச்சூரியனுடைய ஒளியையே தாங்கமாட்டாமல் கெடுவது விந்தைதான். ஆயினும் ரசாயன நூலாரைக் கேட்டால், குற்றம் பெரும்பாலும் ஒளியினுடையதன்று என்பார்கள். எண்ணெயில் எஞ்சிநிற்கும் சிறிதளவு பச்சையம் ஒளியைப் பருகிக் கிளர்ச்சியுற்று, அக்கிளர்ச்சியைப் பக்கத்திலுள்ள பிராணவாயுவுக்குக் கைமாற்றிவிடுகிறது. சாதாரண நிலையில் மெல்லவே எண்ணெயோடு கூடும் அவ்வாயு, அங்ஙனம் தூண்டப்பட்டபின் எண்ணெயிலுள்ள லினோலிக் அமிலத்தை ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் பற்றுகிறது. மலையாள நாட்டுத் தேங்காயெண்ணெயில் அவ்வமிலம் நூற்றுக்கு 2 பங்களவே. சூரியகாந்தியிலோ சாதாரணமாகப் பாதிக்கு மேல். இலையில் இருந்தவரை இவ்வொளியைக் கொண்டே உலகுக்கெல்லாம் உணவு சமைத்த பச்சையம், இடம் பெயர்ந்ததும் கேட்டுக்குத் தூது போகிறது. ஒரே சூரியன் சந்நிதியில் ஒரு தாமரை அரும்பவும், ஒன்று மலரவும், ஒன்று உலரவும் காண்கிறோமாயினும் சூரியனுக்கு அதனால் விகாரமில்லை என்று சித்தாந்திகள் சொல்லும் உவமை, இந்தக் குப்பிக்கும் பொருந்துகிறது.

இக்கேட்டைத் தடுக்கும் காவலரும் வித்திலேயே உடன்பிறந்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. டோகோபெரால் என்னும் பொருள், எண்ணெயில் தொடர்ந்து பரவும் கேட்டின் சங்கிலியை, தன் ஹைட்ரஜன் அணுவை ஈந்து அறுத்துவிட்டுத் தான் செலவாகிப் போகிறது. தொழிற்சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் 10 லட்சத்தில் 200 பங்கு என்ற எல்லைக்குள் சேர்க்கப்படும் செயற்கைப் பொருள்களும் இதே தொழிலைத்தான் செய்கின்றன. கரோட்டின் என்னும் நிறப்பொருளின் வழி வேறு. அது தூண்டப்பட்ட வாயுவின் கிளர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு, வெப்பமாகச் சிதறவிட்டு, பெரும்பாலும் தன் நிலை பிறழாமலே நிற்கிறது. முன்னது தியாகம், பின்னது சமத்துவம். இளமையில் நான் தியாகத்தையே உயர்வென்று எண்ணியிருந்தேன். இப்போது, பிறர் கொதிப்பை ஏற்றும் தான் கொதியாதிருப்பதே அரிதென்று தோன்றுகிறது. (கரோட்டினும் நெடுநாள் வெயிலில் வெளுத்துப்போவது உண்டு, முற்றும் துறந்த முனிவர் எண்ணெயிலும் இல்லை போலும்!)

நகரின் தென்புறத்தே பாப்பனங்கோட்டில் 1975-ல் தோன்றிய மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் செம்பனை எண்ணெயில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அந்த எண்ணெய்க்கு அச்செந்நிறம், 10 லட்சத்தில் 500 முதல் 700 பங்குவரை அதில் நிறைந்துள்ள கரோட்டின் தந்தது. ஆனால் கடைக்கு வரும் எண்ணெய் கண்ணுக்கு நிர்மலமாக இருக்கவேண்டுமென்று மண்ணிட்டு வெளுக்கும்போது, பகைக்குத் துணைபோகும் பச்சையத்தோடு காவல்செய்யும் கரோட்டினும் வெளியேறிவிடுகிறது. பிறகு அதைக் கண்ணாடிபோன்ற குப்பியில் அடைத்து விளக்கொளியின் கீழ் அடுக்குகிறோம். நம் பாட்டிமார் இருண்ட பரணிச் சாடியில் வைத்தார்கள்.

இனித் தமக்கையாரின் கேள்வி. 1750 முதல் ஆறாண்டுக்கு ஒருமுறை, 56 நாள் வேதம் ஓதும் முறஜபம் நிறைவுறும் மகர சங்கிராந்தியன்று பத்மநாபசுவாமி கோயிலில் லக்ஷதீபம் ஏற்றுவது வழக்கம். அத்தீபங்களின் அகலில் எண்ணெய் எரிவதும் பிராணவாயுவோடு கூடுவதே, குப்பியில் காறுவதும் அதனோடு கூடுவதே. முன்னதற்குத் திரி என்றொரு வரம்பு இருக்கிறது, பின்னதற்கு இல்லை. காறிய எண்ணெயை ஊற்றினாலும் திரி அதை ஏற்று எரியத்தான் செய்யும். சுடர் நம்மைப்போல் மூக்கைச் சுளிக்காது. எனவே தடை சுடரின் பக்கம் இல்லை. வடமொழியில் ஸ்நேகம் என்ற ஒரே சொல் எண்ணெய்க்கும் அன்புக்கும் பெயராதலின், தான் வேண்டாமென்று ஒதுக்கியதைச் சுவாமிக்கென்று ஊற்றுகிறவனிடம் எந்த ஸ்நேகம் காறியிருக்கிறதென்றே கேட்கவேண்டும். வறியவன் தன்னிடமுள்ள ஒரே எண்ணெயை, அது எப்படிப்பட்டதாயினும், ஊற்றுவது வேறு வகை; அதை இதனோடு சேர்த்து எண்ணுவது பாவம்.

இவ்வளவையும் தமக்கையாரிடம் சொல்ல மறுநாள் போனேன். அவர் அதற்குள் பரணியிலிருந்த நல்லெண்ணெயை விளக்குக்கு ஊற்றியிருந்தார். காறிய எண்ணெயைக் கொல்லைக் கதவின் கீலுக்கு விட்டுக்கொண்டிருந்தார்.