கழுத்தில் ஒரு வேலி

நார்வே நாட்டில் டெலிமார்க் என்றொரு பால்மாட்டு இனம் உண்டு. விலாப்புறம் சிவப்பு, முதுகிலும் வயிற்றிலும் வெள்ளை, கொம்புகள் யாழ்போல் வளைந்தவை. 1856-ஆம் ஆண்டிலேயே தனி இனமாகப் பெயர் பெற்றது, இன்று அருகிவிட்டது. கோடையில் மாடுகளை மலைமேல் உள்ள மேய்ச்சல் குடில்களுக்கு ஓட்டிச் செல்வது அந்நாட்டின் பழைய வழக்கம். கறவையும் வெண்ணெய் எடுப்பதும் அங்கே பெண்களின் பொறுப்பாக இருந்தன. மாலையானால் அவர்கள் உச்சக்குரலில் இழுத்துக் கூவுவார்கள். சரிவெங்கும் சிதறி மேய்ந்த மாடுகள் கழுத்துமணி அசைய வந்து சேரும். இந்தக் குடில் வாழ்க்கையை 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதே நாட்டில்தான் இன்னொரு புதுமையும் பிறந்திருக்கிறது. மாட்டின் கழுத்தில் ஒரு பட்டை. அது ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் துணையால் மாடு நிற்கும் இடத்தை அறிகிறது. உடையவர் கைப்பேசித் திரையில் ஒரு கோடு போட்டால் போதும், அதுவே வேலி. மாடு கோட்டைத் தொட்டால் பட்டை ஒலிக்கும். மேலே போகப் போகச் சுருதி ஏறும். திரும்பினால் ஒலி நின்றுவிடும். திரும்பாவிட்டால் ஒரு மின்னதிர்ச்சி. மின்வேலியின் அதிர்ச்சியைவிடக் குறைந்ததுதான். பெரும்பாலான மாடுகள் விரைவிலேயே ஒலிக்குத் திரும்பக் கற்றுக்கொள்கின்றன.

படித்தபோது என் மனம் கசந்தது. கண்ணுக்குத் தெரிகிற வேலியோடு மாடு முட்டிப் பார்க்கலாம். தெரியாத வேலியோடு என்ன செய்யும்? ஆனால் கட்டுத்தறியில் இரண்டு முழக் கயிற்றில் மாட்டைக் கட்டிப் பழகியவன் நான். முகம் சுளிக்க எனக்கு என்ன உரிமை? முள்கம்பியில் கிழிபடாமல் மலைமுழுதும் மேய்கிறதே அந்த மாடு! எச்சரிக்காமல் அது தண்டிப்பதும் இல்லை. மனிதர் போடும் சட்டங்களில் எத்தனைக்கு இந்த நேர்மை உண்டு?

சரி, அந்தப் பெண்ணின் குரல் மட்டும் தூய அன்பா? அவள் கையில் உப்பு இருந்தது. மாட்டின் மடியில் பால் கனத்தது. அதனால்தான் வந்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு என்னை விடவில்லை. கூவுகிறவள் மலையில் இருந்தாள். வராத மாட்டைத் தேடி அவளே நடந்தாள். கோடு போடுகிறவர் பள்ளத்தாக்கில், வீட்டில் இருக்கிறார். திரையில் மாடுகள் புள்ளிகளாக நகர்கின்றன. ஒரு புள்ளி வெகுநேரம் அசையாமல் நிற்கிறது. படுத்து அசைபோடுகிறதா, பாறையிடுக்கில் கால் முறிந்து கிடக்கிறதா? புள்ளிக்கு வாய் இல்லை. வெளியே மழை. மலைப்பாதை வழுக்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுவாரா?