பழைய குறி

கானகத்து வழியில் ஒரு மரத்தின் பட்டைமேல் வெள்ளை வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். எழுத்தில்லை, அம்புக்குறியும் இல்லை. ஆயினும் தனியே நடந்து வருபவனுக்கு அது, 'நீ வழி தவறவில்லை' என்று சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை முழுவதற்கும் இவ்வெள்ளைக் குறியே வழிகாட்டி. 1921இல் பெண்டன் மெக்கே என்பவர் முன்வைத்த எண்ணம் 1937இல் முழுப் பாதையாயிற்று. அதைப் பேணி வருவோரில் பெரும்பாலார் ஊதியம் பெறாத தன்னார்வத் தொண்டர்களே.

குறிகளின் மொழி மிகச் சுருக்கமானது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு குறிகள் தெரிந்தால், முன்னே திருப்பம் உண்டு, கவனித்து நட என்று பொருள். நீலம் கிளைப்பாதைக்கு உரியது. அது ஒரு சுனைக்கோ, இரவு தங்கும் குடிலுக்கோ இட்டுச் செல்லும். முற்காலத்தில் கோடரியால் பட்டையைச் செதுக்கியே வழி குறித்தனர். அக்காயத்தின் வழியே பூச்சியும் நோயும் மரத்தினுள் புகுந்தன. இன்றோ, உயிருள்ள உட்பட்டையைத் தீண்டாமல் மேற்செதிலை மட்டும் சுரண்டிவிட்டு வண்ணம் தீட்டுகின்றனர். மரம் நுனியில் வளர்வதால் குறி மேலே ஏறுவதில்லை; தீட்டியவனின் கண்மட்டத்திலேயே நிற்கிறது. ஆனால் தண்டு பருக்கப் பருக்க அது பக்கவாட்டில் விரிந்து, வெடித்து, உருவிழக்கிறது. எனவே சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் தீட்டவேண்டும்.

இங்கேதான் என் மனத்தை உறுத்தும் கேள்வி எழுகிறது. மண் அரிப்பினாலோ வேறு காரணத்தாலோ பாதையை வேறிடத்திற்கு மாற்றுகிறார்கள். 1937இல் இருந்த தடத்தின் பெரும்பகுதி இன்று இடம் மாறிவிட்டது. பாதை நகர்ந்தது; மரம் நகரவில்லை. அதன்மேல் பழைய குறி அப்படியே இருந்தால், அது பொய்யா?

புனித அகுஸ்தினார் பொய்யைப்பற்றி ஆராய்ந்தபோது ஏமாற்றும் நோக்கத்தையே முதன்மையாகக் கருதினார். அவ்வளவுகோலால் அளந்தால், குறியிட்டவன் குற்றமற்றவன். அவன் தீட்டிய நாளில் அது உண்மை. ஆயினும் அதை நம்பிக் கால் வைத்தவனுக்கு அந்த நல்ல நோக்கத்தால் என்ன பயன்? 2013இல் மெய்ன் மாநிலத்தில் ஒரு பெண் இப்பாதையைவிட்டுச் சற்றே விலகினார். மீண்டும் அதைக் காணமுடியாமல் காட்டிலேயே இறந்தார். அவர் உடல் கிடைத்தது 2015இல். அதற்குக் குறிகள் காரணமல்ல. ஆனால் கானகத்தில் பாதையை இழப்பதென்றால் என்னவென்று அறிய அந்த ஒரு நிகழ்ச்சி போதும். பொய் சொல்லும் எண்ணம் இல்லாதிருந்தால் மட்டும் போதாது. ஒருமுறை சொன்ன உண்மை இன்னும் உண்மையாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் சொன்னவன் கடமை என்றே நான் எண்ணுகிறேன்.

சொன்னவன் இறந்துவிட்டால்? ஸ்பெயினில், நாம் சந்தியாகப்பர் என்றழைக்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறைக்குச் செல்லும் பழைய திருப்பயண வழி மங்கிக் கிடந்தது. ஓ செப்ரேரோ என்ற மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞா, 1984இல் மஞ்சள் வண்ணத்துடன் புறப்பட்டு, மரங்களிலும் கற்களிலும் சுவர்களிலும் அம்புக்குறிகளைத் தீட்டினார். 1989இல் அவர் மறைந்தார். 2022இல் மட்டும் 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அத்திருப்பயணத்தை முடித்தனர். வெயிலும் மழையும் தின்ற வண்ணத்தை வேறு கைகள் புதுப்பித்து வருகின்றன. வலீஞாவை நன்றியுடன் நினைக்கிறோம். அந்தக் கைகளின் பெயர் நமக்குத் தெரியாது.

வழியை நன்கறிந்தவன் குறியிடுவதற்கு அவ்வளவு ஏற்றவன் அல்லன் என்பதும் வியப்பே. அவனுக்கு எங்குமே ஐயம் எழாது. ஆகவே அவன் அந்நியனின் கண்களைக் கடன் வாங்கிக்கொண்டு நடக்கவேண்டும். பிறகு திரும்பி, எதிர்த்திசையில் வருபவனுக்காக மரங்களின் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும்.

பாதை மாறிய இடங்களில் தொண்டர்கள் வெள்ளை வண்ணத்தோடு, பட்டையின் நிறத்தையொத்த சாம்பல் வண்ணத்தையும் எடுத்துச் செல்கிறார்கள். முன்பு அவர்களே தீட்டியிருக்கக்கூடிய குறியின்மேல் அதைப் பூசி மறைக்கிறார்கள். அந்த வழியே இனி யாரும் வரப்போவதில்லை என்பதால், அவ்வேலை நன்றாக நடந்ததா என்று பார்ப்பவரும் இல்லை.