பொதிமாடு நடந்த பாதையும் நாம் போடும் கோடும்

மாத்தளைப் பகுதியில் அக்காலத்தில் பொதிமாடுகள் சென்ற பாதையை எமது ஆலய ஆண்டு மலருக்கென ஒரு படமாக வரைந்து தரும்படி சபையினர் அடியேனைக் கேட்டனர். கந்தோரில் பல வருடம் கோடு போட்ட கை அல்லவா, இலேசான வேலை என்றே எண்ணினேன்.

கண்டி மன்னர் காலத்தில் மலைநாட்டில் வண்டிப்பாதைகள் இருக்கவில்லை. பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்லும் கூட்டத்தைத் தவளம் என்பர், சிங்களத்தில் தவலம. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. மலையிலிருந்து பாக்கு இறங்கியது. இதற்கென அரசனிடம் ‘மடிகே’ என்ற தனிப் பகுதியே இருந்தது. முஸ்லிம் மக்கள் பலர் அதில் தொழில் செய்தனர். பின்னர் வண்டித்தெரு வந்தது, 1880இல் மாத்தளைக்குப் புகையிரதமும் வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்த எம் முன்னோரும் அந்த வடக்குத் திசையிலிருந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்களுக்கு எந்தப் படத்திலும் புள்ளி இல்லை.

தம்புள்ளை, நாவுல, நாலந்தை, அலுவிகாரை, மாத்தளை என்று புள்ளி வைத்துவிடலாம். புள்ளிகளுக்கு நடுவே என்ன செய்வது? போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க நாலந்தா கெடிகேயைக் கல் கல்லாகப் பிரித்து, 1980 அளவில் மேட்டில் திரும்பக் கட்டினார்கள். கோயிலைத் தூக்கி வைக்கலாம். மாட்டின் குளம்படியைத் தூக்கி வைக்க முடியுமா?

கூட்டத்தில் ஓர் அன்பர் சொன்னார்: “ஐயா, கோட்டைக் கொஞ்சம் வளைச்சு நம்ம கோயில் வாசல் வழியாக் கொண்டு போங்க. யாருக்கு என்ன நஷ்டம்?”

அன்று இரவு முழுவதும் இக்கேள்வியே மனதில் நின்றது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியது எமது கேணியில்தான் என்று ஒரு பெரியவர் சொல்கிறார். ஓடைக்கு அக்கரையில் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டையும் கேள்வி ஞானமாகக் கேட்டு மகிழலாம். தல புராணத்தையும் நாம் அப்படித்தானே பக்தியோடு கேட்கிறோம்? ஆனால் அச்சில் ஏறிய கோடு வேறு. நாளை ஒரு பிள்ளை அதைச் சாட்சியாக எடுத்துக் காட்டும். பழைய கல்லையும் பழைய படத்தையும் காட்டி இடத்துக்கு வழக்காடும் நாடு இது. அக்கரைக் கிராமத்தில் மாடு ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நான் கோட்டை வளைத்தால் அவர்களுடைய பாட்டன் நடந்த வழியை அல்லவா எடுத்துக்கொள்கிறேன்? நஷ்டம் யாருக்கு என்று கேட்டவருக்கு இதைத்தான் சொன்னேன். உண்மையில் வழி தெரிந்தது முதுகில் புண்ணோடு நடந்த அந்த வாயில்லாச் சீவன்களுக்கு மட்டுமே. நந்தியின் காதில் நம் குறையைச் சொல்லுகிறோம், அவரிடம் நாம் ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே தெரிந்த இடத்தில் மையால் கோடும், பெரியோர் சொன்ன இரண்டு வழிகளுக்கும் புள்ளிக்கோடும் இட்டு, ‘செவிவழிச் செய்தி’ என்று எழுதியுள்ளேன். ஒன்றும் தெரியாத இடம் வெறுமையாகவே இருக்கிறது. அன்பருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. “கோயிலுக்கு ஒரு புள்ளியாவது வையுங்க” என்றார். வைத்திருக்கிறேன், கோயில் அங்கே இருக்கிறதே.