வாடகை வீடு: பொய் யாருடையது?

கிராமத்தில் யாரும் குடியிருக்க இடம் தேடுவதில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நாம் பிறப்பதற்கு முன்பே நம் வீட்டின் திசை முடிவாகிவிடுகிறது. தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தின் பெருமை பாடியவர்களைக் கடுமையாகச் சாடியது இதனால்தான். கிராமத்தை விட்டு வெளியேறு, நகரத்துக்குப் போ, அங்கே நீ யாரென்று எவனுக்கும் தெரியாது என்பது நமக்குச் சொல்லப்பட்ட விடுதலைப் பாடங்களில் ஒன்று.

நகரத்தில் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்கள். படிச்சு முடிச்சு, முதல் வேலை கிடைச்சு, சென்னைக்கு வந்து இறங்குகிற இருபத்திரண்டு வயசுப் பையனையோ பெண்ணையோ பார்த்து எல்லாரும் கேட்கிற கேள்வி, "எந்த ஏரியாவுல வீடு பாக்குற?" என்பதுதான். பஸ் வசதி எப்படி, தண்ணி வருதா, ஆபீசுக்கு எவ்வளவு தூரம், அட்வான்ஸ் எவ்வளவு என்று யோசனை சொல்ல ஆளுக்கு ஒருத்தர் இருப்பார்கள். இந்த யோசனைகள் எல்லாம் சாதியைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாதவனுக்குச் சொல்லப்படுபவை. நம் பிள்ளைகளுக்கு ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது என்பது வேறொரு கேள்விக்குப் பதில் சொல்வது. எங்கே போய், யாராக வாழப்போகிறேன்?

இதை அறம் சார்ந்த கேள்வியாகவே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நமக்குள்ளேயே இதுபற்றி ஓயாத சண்டை இருக்கிறது. சாதியை மறைத்து வீடு பிடிக்கிறவனை, "ஒளிஞ்சு வாழ்றான், இனத்தைக் காட்டிக் குடுக்குறான்" என்று ஒரு சாரார் ஏசுகிறார்கள். "சொல்லிட்டு ரோட்டுல படுக்கவா?" என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரண்டு தரப்புமே ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறது. அங்கே ஒரு பொய் நடக்கிறது, அது நம்முடைய பொய் என்று. இந்த இடத்தில்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். பொய் யாருடையது?

டூ-லெட் போர்டைப் பார்த்துக் கதவைத் தட்டினால் நடக்கிற பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"விழுப்புரத்துல எங்க?"

"பக்கத்துல ஒரு கிராமம்."

"அப்பா என்ன பண்றாரு? நெலம் நீச்சு இருக்கா?"

"நான்-வெஜ் சாப்புடுவீங்களா? வீட்டுல என்ன சாமி?"

கடைசியில் வரும்: "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?"

அந்த 'தப்பா நெனச்சுக்காதீங்க' என்பதைக் கவனிக்க வேண்டும். தான் கேட்பது தப்பு என்று கேட்கிறவனுக்கே தெரிகிறது. அதற்கான மன்னிப்பையும் அவனே முன்கூட்டி வாங்கிக்கொள்கிறான். பதிலைக் கேட்டதும், "அடடா, நேத்துதான் ஒரு பார்ட்டி அட்வான்ஸ் குடுத்துட்டாங்க, போர்டை எடுக்க மறந்துட்டேன்" என்கிறான். போர்டு அடுத்த வாரமும் அங்கேயே தொங்கும். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, மரியாதை என்கிறார்கள். வீடு கேட்டுப் போனவன் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டால் அது மட்டும் மோசடி ஆகிவிடுகிறது.

குடும்பமாகப் போகிறவர்களைவிடத் தனியாளிடம் இந்த விசாரணை நீளமாக நடக்கிறது. 'பேச்சிலருக்கு வீடு இல்லை' என்பதற்குக் குடி, கூத்து, சத்தம் என்று காரணம் சொல்வார்கள். அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. குடும்பத்தைப் பார்த்தால் சாதியைப் படித்துவிடலாம். தாலியின் அமைப்பு, வந்துபோகிற சொந்தக்காரர்கள், பேச்சு, அடுப்படி எல்லாம் எழுத்துகள். தனியாள் எழுதாத தாள். அதனால்தான் அவனைக் கண்டால் பயம், அதனால்தான் துருவித் துருவிக் கேட்பது. தனியாக வருகிறவள் பெண்ணாக இருந்தால் சாதியோடு சேர்த்து நடத்தையையும் விசாரிப்பார்கள். எத்தனை மணிக்கு வருவே, யார் யார் வருவா, ஏன் இன்னும் கல்யாணம் ஆகல?

உண்மையைப் பற்றி ஐரோப்பியத் தத்துவத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, நீ ஒளித்துவைத்திருக்கும் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதுகூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார் கான்ட். உண்மையைப் பெறுவதற்கு உரிமை உள்ளவனிடம் மட்டுமே உண்மை சொல்லும் கடமை உண்டு என்று பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னதற்கு அவர் எழுதிய மறுப்பு அது. நம் வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் கான்ட் பக்கம் நிற்கவில்லை. தீங்கில்லாத நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைத் தந்துவிடுகிறார். நம் வழக்கில் கதவு திருப்பிப் போட்டிருக்கிறது. நாம் வெளியே நிற்கிறோம், கேட்கிறவன் உள்ளே இருக்கிறான். ஆனால் கான்ஸ்டன்டின் கேள்வி அப்படியே பொருந்துகிறது. வாடகை தருவேனா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வேனா, எப்போது காலி செய்வேன் என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அதற்கெல்லாம் உண்மை சொல்ல நமக்குக் கடமை உண்டு. என்ன ஆளுங்க என்று கேட்க அவனுக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

சட்டம் அந்த உரிமையை அவனுக்குத் தரவில்லை. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் முதல் மாதச் சம்பளம் இன்னும் கைக்கு வராதவன் எந்த ஸ்டேஷனுக்குப் போய், எந்த வீட்டுக்காரன் மேல் புகார் எழுதுவான்? 'போர்டை எடுக்க மறந்துட்டேன்' என்பதை எந்தச் சாட்சியை வைத்து உடைப்பான்? சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் ஒரே மாதிரி படிப்பும் வேலையும் உள்ளவர்களை, சாதியும் மதமும் தெரிகிற வெவ்வேறு பெயர்களில் வீடு கேட்க வைத்துப் பார்த்தார்கள். தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் மறுப்பும் கூடுதல் நிபந்தனைகளும் வந்ததை 2015இல் எழுதினார்கள். ஒரு தனியாளால் நிரூபிக்க முடியாததை நிரூபிக்க ஓர் ஆய்வே தேவைப்பட்டது.

அம்பேத்கரே இந்தக் கதவைத் தட்டியவர். 1917இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தவருக்கு எந்த இந்து விடுதியிலும் இடம் இல்லை. ஒரு பார்சி விடுதிக்குப் போனார். அவர் பார்சி இல்லை என்பது விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வேறு ஆள் யாரும் தங்காமல் காலியாகக் கிடந்த விடுதி அது. வருமானம் வேண்டும், அதனால் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டால் போதும் என்று அவன் ஒத்துக்கொண்டான். பதினோராவது நாள் பார்சிகள் சிலர் கம்போடு வந்து அவரை வெளியேற்றினார்கள். இடம் கேட்டு இரண்டு நண்பர்களிடம் போனார். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் இந்து நண்பர். பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். கடைசியில் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று தமிழில் நாம் அறியும் அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளில் இது இருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் இருந்த பொய் யாருடையது? எழுதச் சொன்னவன் ஒருவன், அந்த விதியைப் போட்டவர்கள் வேறு சிலர், அந்த ஊரில் வேறு கதவு எதையும் திறந்துவைக்காதவர்கள் எல்லா மதத்தவரும். கையெழுத்து மட்டும் அவருடையது. பரோடா இன்று இருக்கிற அதே குஜராத்தில், அகமதாபாத்தின் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் சேரும் உரிமையாம். கம்பு போய்த் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஆகவே வீட்டுக்காரனிடம் சாதியைச் சொல்லாமல் விடுவதோ, நெருக்கினால் வேறு ஒன்றைச் சொல்லிவிடுவதோ அவனுக்குச் செய்கிற துரோகம் இல்லை. அதனால் அவனுக்கு வாடகை குறையப்போவதில்லை, சுவர் இடியப்போவதில்லை. நம் பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளை ஏசுவதை நிறுத்த வேண்டும்.

இதோடு முடிந்துவிட்டால் நல்லது. முடிவதில்லை. மறைத்துப் பிடித்த வீட்டுக்கு வாடகையோடு இன்னொரு கூலியும் மாசா மாசம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வருகிறாள். கருவாட்டுப் பொட்டலமும் பச்சரிசி மாவுமாகப் பஸ் ஏறி வருகிறவளிடம், "மாடிப்படியில மெல்லப் பேசும்மா, யாராச்சும் கேட்டா காலனின்னு சொல்லிடாத" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு நாமே சொல்லிக்கொண்ட பொய்யை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கறி சமைத்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். சிநேகிதர்களை வராதே என்று சொல்ல வேண்டும். பரோடாவில் வேறு பெயர் எழுத நேர்ந்தவரின் படம் சுவரில் ஏறாமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வீட்டுக்காரனுக்கு இந்தப் பொய்யால் ஒரு காயமும் இல்லை. காயமெல்லாம் அம்மாவுக்குத்தான்.

காகிதமும் காட்டிக்கொடுக்கும். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது. நல்லதுதான். ஒப்பந்தம் என்றால் ஆதார் நகல் கேட்பார்கள். அதில் அப்பா பெயரும் ஊர்த் தெருவும் இருக்கும். ஆதிதிராவிடர் தெரு, காலனித் தெரு என்று அச்சடித்திருப்பதை வாயால் எப்படி மறைப்பது? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சொல் சென்னையில் கௌரவமானது. மேற்கு மாம்பலம் போஸ்டல் காலனி என்று சொல்லிக்கொள்ள யாரும் கூச்சப்படுவதில்லை. சொல்லில் ஒன்றுமில்லை, யார் குடியிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

அப்படியென்றால் நம் ஆட்கள் இருக்கிற ஏரியாவுக்கே போய்விடலாமே? புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று போனால் யாரும் என்ன ஆளுங்க என்று கேட்கப்போவதில்லை. அம்மா சத்தமாகப் பேசலாம். இந்த நகரத்தின் தலித் வரலாறு சின்னதும் இல்லை. 1907இல் அயோத்திதாசர் தம் பத்திரிகையைத் தொடங்கியது ராயப்பேட்டையிலிருந்துதான். நம் இடம் என்பது வெறும் ஒதுங்கல் இல்லை, யோசனையும் பிறந்த இடம். ஆனாலும் 'போய்க்கொள்' என்று தள்ளப்பட்டுப் போவதும் விரும்பிப் போவதும் ஒன்றாகுமா? 2000 தொடங்கிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவில் இருந்த குடிசைவாசிகளை அரசே தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய் அடுக்கியது. அவர்களில் பெரும்பகுதி நம் சனம். ஊர், சேரி என்ற பழைய படத்தைத்தான் பெரிய தாளில் வரைந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு 'எந்த ஏரியா வேணும்?' என்று கேட்டால் எப்படி?

எனவே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இருப்பது ஓர் அளவுகோல்தான். பஸ்ஸும் தண்ணியும் பார்த்த பிறகு, அம்மா வந்து நான்கு நாள் தங்கி, அவள் பேச்சிலேயே பேசிவிட்டுப் போக முடிகிற இடமா என்று பார். அப்படி ஓர் இடம் கிடைத்தால் இரண்டு மைல் தள்ளி இருந்தாலும் அதை எடு. கிடைக்காவிட்டால், கிடைத்த வீட்டில் இரு. அது உன் குற்றமில்லை.

நகரத்தில் வீடு கட்டிவிட்ட நம்மவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. லோன் போட்டு மாடி கட்டி போர்டு மாட்டியதும், 'கௌரவமான ஆளுங்களா' தேடுகிறோமா இல்லையா? நம்ம பையன் வந்து கேட்டால், 'நம்ம சனம் வந்தா ஏரியாவுல தெரிஞ்சுபோயிடும்' என்று யோசிக்கிறோமா இல்லையா? தலித்துக்குள்ளேயே எந்தப் பிரிவு என்று கேட்கிறோமா இல்லையா? அந்தக் கதவையாவது நம்மால் திறக்க முடியும்.

இன்னொரு பங்கு தலித் அல்லாத சிநேகிதர்களுடையது. 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்டதும் தயங்காமல் தன் சாதியைச் சொல்லிச் சாவி வாங்கிக்கொண்டு போகிறானே, அவன் உண்மைதான் சொல்கிறான். பொய்யே சொல்லாதவன். ஆனால் அவனைப் போல எல்லாரும் சட்டென்று பதில் சொல்வதால்தான் பதில் சொல்லாதவன் மாட்டிக்கொள்கிறான். நம் மௌனத்தை வாக்குமூலமாக மாற்றுவது அவனுடைய உண்மை. பதிலால் ஒன்றும் இழக்காதவர்கள் எல்லாரும், "அதெல்லாம் சொல்றதில்ல சார், வாடகை எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்வியால் வீட்டுக்காரனுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது. அதுவரை அந்த வாசலில் யார் பொய்யன் என்று நம்மைக் கேட்காதீர்கள். உண்மை சொல்லிச் சாவி வாங்கியவனைக் கேளுங்கள்.