அடுத்த வீட்டுக் கணக்கு



கல்முனைக் கரையோரத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது பழைய வழக்கம். ஆகவே முப்பது வயதைத் தொடாத தம்பதியர்கூட, "அவர்களுக்கு மாடிவீடு, நமக்கு ஓட்டுவீடு" என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர்.

இக்கணக்கு சரிதானா? அடுத்த வீட்டு மாடி கண்ணுக்குத் தெரியும். அதற்காக அடகு வைத்த நகை தெரியாது. உழைப்பின் அளவையும் அது காட்டாது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கத்தாரிலிருந்து வந்த பணம் ரூபாவில் பெருகியது. உள்ளூர்ச் சம்பளத்தின் பெறுமதி கரைந்தது. முன்னவன் அதற்காகக் கூடுதலாய் உழைக்கவுமில்லை, பின்னவன் சோம்பியிருக்கவுமில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோரத்தில் இருந்தவனும் இல்லாதவனும் சேர்ந்தே இழந்தனர்.

அப்படியானால் ஒப்பிடுவதே பாவமா? இல்லை. எதற்காக ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில், காலையில் வந்த வேலையாட்கள் பிறர் பெற்ற கூலியைப் பார்த்து முணுமுணுத்தனர். தோட்ட உரிமையாளரோ, மாலையில் வந்தவன் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டுமே என்று பார்த்தார். அவர்கள் கண் கூலியில். இவர் கண் பசியில்.

இளந்தம்பதியரே, கடன்பட்டு மாடி எழுப்புமுன், இருவரும் ஒன்றாக அமர்ந்து உங்கள் வரவு செலவை மட்டும் எழுதிப் பாருங்கள். அதில் ஒரு வரி, இல்லாத அயலவருக்காக இருக்கட்டும்.